நேரம் மாறும் பாலம்

படிவத்தின் கடைசி வரி:
ஏதேனும் நேர்ந்தால் யாரை அழைக்க வேண்டும்?
பெட்ரோல் பங்கிலிருந்து என்னோடு பேசாமல் வருபவனின்
பெயரை எழுதினேன்.
இளம்பரிதி. உறவு: கணவர்.
பேனா நடுவில் மக்கர் செய்தது.
அழுத்தி எழுதினேன்.

மே மாதக் கடைசி. ரிக்கின்ஸ்.
மலைமேல் யாரோ பனியை
அடுப்பிலிருந்து இறக்க மறந்துவிட்டார்கள்.
சாமன் ஆறு பொங்கி வழிகிறது.
விநாடிக்கு ஐம்பதாயிரம் கன அடி என்றாள் டார்லா;
மேட்டூர் அணை நிலவரம் வாசிக்கும் குரலில்
அது எனக்குக் கேட்டது.
வேரோடு ஒரு பைன் மரத்தைக்
கைப்பை மாதிரி எடுத்துக்கொண்டு
கடந்து போனது தண்ணீர்.

டார்லாவுக்கு இருபத்துமூன்று இருக்கும்.
மூக்கில் வெயிலுக்கு வெள்ளைப் பூச்சு.
"விழுந்தால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள்.
பாதம் பாறையிடுக்கில் மாட்டும்,
ஆறு உங்களை மடித்து வைத்துவிடும்.
மல்லாந்து படுங்கள். கால்களை மேலே வையுங்கள்.
போகிற போக்கில் போங்கள்."

சொந்தக் காலில் நில் என்று
அப்பா சொன்னார். வங்கி மேலாளர் சொன்னார்.
போன வாரம் நானே மகளிடம் சொன்னேன்.
காலைப் பற்றி
இப்படி ஒரு யோசனை
நாற்பத்திரண்டு வயதில்தான் கிடைக்கிறது.

படகில் ஆறு பேர்.
டார்லாவைத் தவிர எல்லாரும்
பாய்சியில் சிப் தொழிற்சாலையின் இரவு ஷிஃப்ட்.
வெள்ளை உடுப்புக்குள் கண் மட்டும் தெரிய
ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.
குவாங்கின் முழங்காலை இன்றுதான் பார்க்கிறேன்.
ஒரு தூசிக்கு அலாரம் அடிக்கும் அறையிலிருந்து வந்த
எங்கள் பல்லிடுக்கில் எல்லாம் மணல்.

முன்னால் போடு. இன்னும் இரண்டு. இன்னும்
என்றாள்.

அலையை நான் பார்க்கவில்லை.
படகின் தரை சுவராக எழுந்ததைப் பார்த்தேன்.
பிறகு பழுப்பு. சத்தமே இல்லாத பழுப்பு.
மார்பில் ஏறி உட்கார்ந்து
மூச்சின் சாவியைப் பிடுங்கிக்கொண்டது குளிர்.

கால் தானாகத் தரையைத் தேடியது.
தேடாதே என்று அதை அடக்கியதுதான்
அன்று நான் செய்த ஒரே வேலை.

மல்லாந்தேன்.
வானம். இருமல். மறுபடி வானம்.
இரண்டு காலணி நுனிகளுக்கு நடுவே
பாலம் வந்துகொண்டிருந்தது.

இந்தப் பாலம் தாண்டினால்
கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும் என்று
காலையில் பரிதி சொல்லியிருந்தான்,
பேசிக்கொண்டிருந்தபோது.

அதன் அடிவயிற்றில்
தகைவிலான்களின் மண்கூடுகள்.
ஒவ்வொன்றிலும் ஒரு தலை எட்டிப் பார்க்க
அடியில் மிதந்து போனேன்.
இந்தப் பக்கம் விழும்போது இரண்டாகப் போகிறது.
அந்தப் பக்கம் தலை தூக்கும்போது
ஒன்றுகூட ஆகவில்லை.
ஒரு மணிக்கு, பெட்ரோல் பங்கில்,
பீனிக்ஸ் வேலையைப் பற்றி மூன்றாம் முறை அவன் கேட்டபோது
நீ மட்டும் போ என்றிருந்தேன்.
இங்கே அது இன்னும் என் வாயில்தான் இருக்கிறது.
ஆற்று நீரோடு சேர்த்து
விழுங்கினேனா, துப்பினேனா,
தெரியவில்லை.

தோள்பட்டையில் பிடித்து டார்லா இழுத்தாள்,
குட்டியைப் பூனை தூக்குவதுபோல.
குவாங் அழுதுகொண்டே சிரித்தான்.
என் துடுப்பு எங்களுக்கு முன்னே
தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

லூசீல் இறங்குதுறையில்
காரை ஓட்டி வந்து காத்திருந்தான், துண்டோடு.
"உதடெல்லாம் நீலம்."
நிற்க முடியாமல் சேற்றிலேயே உட்கார்ந்தேன்.
அவன் தன் ஃபோனைப் பார்த்தான்,
என் மணிக்கட்டைப் பார்த்தான்.
"உனது இன்னும் பழைய நேரம் காட்டுது."

விரல் விறைத்திருந்தது, வார் கழலவில்லை.
பல்லால் கடித்துக் கழற்றி
கைக்கடிகாரத்தை அவனிடம் நீட்டினேன்.
நீயே வை என்றேன்.