மூன்று கோடு

தமிழில் என் வேலைக்குப் பெயர் கொறடா.
இங்கே பிரதோத் என்பார்கள்.
கொறடாவைக் கொஞ்சம் இழுத்து
கோரடா என்று சொல்லிவிட்டால்
மராத்தியில் காய்ந்தது என்று பொருள்.
துணிக்கும் தொண்டைக்கும் கண்ணுக்கும்
அந்த ஒரே சொல்தான்.

பதவியேற்ற மறுநாள் பத்திரிகையில்
ஜபகனி என்று அச்சாகியிருந்தது.
ஜெபக்கனி என்று திருத்தச் சொல்லவில்லை.
எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும்,
எழுத்து எப்படியும் போகட்டும்.

எண்ணக் கற்றது சட்டமன்றத்தில் இல்லை.
ஆண்டாப்ஹில்லில், உப்பளத்துக்கு இந்தப் பக்கம்,
எங்கள் சாலுக்கு ஒரே குழாய்.
விடிகாலை நாலரைக்கு வரும் தண்ணீர்
நாற்பது நிமிடம் நிற்கும்.
அறுபத்தேழு குடம்.
யார் வீட்டில் பிள்ளை பெற்றிருக்கிறாள், அவளுக்கு ஒன்று கூட.
யார் ஊருக்குப் போன நாத்தனார் பெயரில்
இன்னமும் குடம் வைக்கிறாள்.
பதினாறு வயதில் அத்தனையும் எனக்குத் தெரியும்.
மேல்வீட்டு பாக்கியம் எறிந்த பித்தளைக் குடத்தின் வடு
இடது புருவத்துக்கு மேல் இருக்கிறது.
தேர்தல் போஸ்டரில் அதை அழித்துவிடுவார்கள்.

குழாயிலிருந்து வார்டு.
அப்புறம் இரண்டு தோல்வி,
அதில் ஒன்று நூற்றுப் பதினோரு ஓட்டில்.
மூன்றாம் முறை ஜெயித்து வந்து
மந்திரி பதவி கேட்டேன்.
"தாயி, உங்களைப்போல் எண்ணத் தெரிந்தவர்
கட்சியில் யார் இருக்கிறார்கள்?"
புகழ்ச்சி என்றே நினைத்திருந்தேன்,
சர்ச்கேட்டில் ரயில் ஏறும் வரைக்கும்.

தேவ்ரேவுக்குச் சர்க்கரை.
மணியடிக்கும்போது கழிவறையில் இருப்பார்,
வெளியே ஆள் நிறுத்த வேண்டும்.
கும்பாருக்குக் கோபம் வந்தால் நாசிக் போய்விடுவார்.
ஒருமுறை போவாய் ஏரிக்கரை ஹோட்டலில்
நாற்பத்தொரு பேரை ஐந்து நாள் வைத்திருந்தேன்.
செல்போன்களைத் தலையணை உறைகளில் கட்டி
என் கட்டிலுக்கு அடியில் போட்டிருந்தேன்.
கால் கட்டிய கோழிகளாக
ராத்திரி முழுக்க அவை அதிர்ந்துகொண்டிருந்தன.

இந்த ஜூலையில் மறுகட்டுமான மசோதா.
பிரிவு ஒன்பது, உட்பிரிவு இரண்டு:
தரைத்தளத்தில் குடியிருப்போருக்கு அங்கேயே வீடு.
மேலே இருப்பவர்களைப் பற்றி
"பின்னர் அறிவிக்கப்படும் இடம்" என்று மூன்றே சொல்.
எங்கள் சாலில்
முப்பத்தொரு குடும்பம் ஏணி ஏறித்தான் வீட்டுக்குப் போகிறது.

கட்சிக் கூட்டத்தில் இரண்டு தடவை எழுந்தேன்.
இரண்டு தடவையும் சாயா வந்துவிட்டது.

உத்தரவு தட்டச்சானது. அடியில் மூன்று கோடு.
ஒரு கோடு என்றால் வந்தால் நல்லது.
மூன்று என்றால் செத்தால்தான் விடுப்பு.
நூற்று ஐம்பத்திரண்டு பிரதி, அத்தனையிலும் என் கையெழுத்து.
பியூன் வாக்மாரே பதிவேட்டோடு அறை அறையாகப் போய்
கடைசியில் என் மேஜைக்கு வந்தார்.
"மேடம், இது உங்களுடையது."
பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கொடுத்தேன்.
அவர் பேனாவை மூடிக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

இரவு பாக்கியம் கூப்பிட்டாள்.
மழையில் பாதிதான் கேட்டது.
"ஏட்டி, ஏணிமேல இருக்கவங்களையும் எண்ணுனியா?"
எண்ணினேன் என்றேன்.
"சரி, எண்ணுனா சரி" என்று வைத்துவிட்டாள்.
அவளுக்கு அது பதிலாகிவிட்டது.

கதவுகளைச் சாத்தினார்கள்.
வெளியே நரிமன் பாயின்டைக் கடல் அறைந்துகொண்டிருந்தது.
தேவ்ரே நேரத்துக்கு வந்துவிட்டார்,
கும்பாரும், மருத்துவமனைப் பட்டை கழற்றாத கையோடு இன்னொருவரும்.
ஆம் என்றவர்கள் எழுந்தோம்.
வழக்கம்போல் பின்வரிசையிலிருந்து தொடங்கினேன்.
நூற்று ஐம்பது. நூற்று ஐம்பத்தொன்று.
அப்புறம் என்னை.

தலைவர் தோளைத் தட்டினார்.
வாசலில் ஒரு பெண் நிருபர் மைக்கை நீட்டி
யாராவது விலகினார்களா என்றாள்.
ஒருவர்கூட இல்லை என்றேன்.
வாய் கோரடா.
தண்ணீர் கொடுத்தார்கள், புட்டியில்.

காரில் ஏறிப் பாக்கியத்தைக் கூப்பிட்டேன்.
எடுக்கவில்லை.
பன்னிரண்டு முறை அடித்து நின்றது.
மறுபடி கூப்பிட்டேன்.
ஏழு.