கோவைக்காயின் அண்ணன்

ஒன்றரை நாள் ரயிலில் வியர்த்த சணல் பையை
முதலில் இறக்கினாள் நாத்தனார்,
பிறகுதான் பிள்ளைகளை.
வில்லிவாக்கம், இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை.
ஏழு உருப்படி, நாலு ஆள், பத்தொன்பது நாள்.
கணக்கு நான் போட்டது. வாய்விட்டுச் சொல்லவில்லை.

பையைக் கவிழ்த்ததும் கூடமெல்லாம் உருண்டன.
தடித்த கோவைக்காய் போல ஒன்று, மேலே வெளிர் வரி.
பழுக்க மறுத்த தக்காளி போல ஒன்று,
உடம்பெல்லாம் பூனைமயிர்.
சேறு காய்ந்த தண்டு ஒன்று, முழங்கை நீளம்,
நறுக்கினால் உள்ளே துளை துளையாய்.
"பர்வல், டிண்டா, தாமரைத் தண்டு அண்ணி.
பிலாய்ச் சந்தையில வாங்கினது.
இங்க கிடைக்காதில்ல?"
கிடைக்காதுதான்.
நாங்கள் யாரும் தேடியதும் இல்லை.

கத்திரி தொடங்கி நாலாம் நாள்.
தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள்.
டிண்டாவைக் கத்தரிப் பிஞ்சாக நினைத்து
நாலாய்க் கீறிப் புளி ஊற்றினேன்.
ஒரே பந்தியில் உட்கார்ந்த வழக்குப் பங்காளிகள்போல
காய் ஒரு பக்கம், குழம்பு ஒரு பக்கம்.
எல்லோரும் "நல்லாருக்கு" என்றார்கள்.
அந்த நல்லாருக்கில் உப்பு இல்லை.
மறுநாள் பர்வல் பொரியல். விதை கடுக்கென்றது.
சின்னவன் சித்தேஷ் தட்டோரம் விதைகளை
வரிசையாக அடுக்கி எண்ணிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் சமையலறைக் கதவை ஒருக்களித்துக் கேட்டேன்.
"வல்லி, இதெல்லாம் நீ எப்படித்தான் செய்வே?"
நைட்டித் தோளில் முகம் துடைத்தபடி
திருட்டை ஒப்புக்கொள்பவள்போலச் சொன்னாள்:
"எனக்குத் தெரியாது அண்ணி.
அங்க சமையல் அவர்தான்.
அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க."

அப்போதுதான் புரிந்தது.
மூன்று நாளாய் ஒரே செய்தித்தாளை விரித்திருந்த ஏகாம்பரம்
கடுகு வெடிக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தது.
காபி கேட்கிறாரென்று
நான் ஒன்பது டம்ளர் கொடுத்திருந்தேன்.

அன்றிரவு கரண்ட் போனது.
இவர் சட்டையை மாட்டிக்கொண்டு
ஈ.பி. ஆபீசுக்குச் சண்டை போடக் கிளம்பினார்.
கைப்பேசி வெளிச்சத்தோடு வாசற்படியில் ஏகாம்பரம்.
"தங்கச்சி, அந்தக் கத்தியைக் கொஞ்சம் குடு."
இருபத்திரண்டு வருஷம் இரும்பு உலைமுன் நின்ற கை.
அடுப்பருகே குந்தி, "இதெல்லாம் ஒரு சூடா" என்றது.
டிண்டாவின் மயிரைக் கத்தி முதுகால் வழித்தது.
பர்வலைக் கீறி முற்றின விதையைக் கட்டைவிரலால் தள்ளியது.
கடுகெண்ணெய் கேட்டார். இல்லை.
நல்லெண்ணெயை மோந்து பார்த்து
"இதுவும் தோஸ்துதான்" என்றார்.
தாமரைத் தண்டு வில்லையைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு
மிதுலா கத்தினாள்: "பத்து அத்தை தெரியறாங்க!"
பத்துப் பேருக்கும் வியர்த்தது.

கரண்டும் இவரும் ஒன்றாகத்தான் வந்தார்கள்.
மாப்பிள்ளை கையில் கரண்டி,
தங்கை சுவரில் சாய்ந்து விசிறிக்கொண்டு.
ட்யூப்லைட் இரண்டுமுறை துடித்து நின்றது.
என்ன சொல்லப்போகிறாரோ என்று நானும் வல்லியும்
ஒருவரையொருவர் பார்க்காமலிருக்க,
"எனக்குச் சப்பாத்தி திரட்ட வராது" என்றார்,
யாரும் கேட்காமலேயே.
அன்று வட்டமான சப்பாத்தி ஒன்றுகூட இல்லை.
ஒன்றுகூட மிஞ்சவுமில்லை.

போய்விட்டார்கள்.
மூன்றாம் நாள் தெருவில் மஸ்தானின் தள்ளுவண்டி.
"யக்கா! கேட்டியே, கோவைக்காயோட அண்ணன்,
சௌகார்பேட்டை வரைக்கும் போய் எடுத்தாந்தேன்."
சாப்பிட்டவர்கள் ஊர் போய்விட்டார்களென்று
அவனிடம் எப்படிச் சொல்வது?
அரைக்கிலோ வாங்கினேன், பேரம் பேசாமல்.

கட்டைவிரலால் விதையைத் தள்ளி
எண்ணெய் காய விட்டுக்
கடுகு போட்டேன்.
வெடித்தது.
கூடத்தில் செய்தித்தாள் மடியும் சத்தம்.
இவர் எழுந்து வந்து மேடையோரம் நின்றார்,
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.