தலைச்சுமை ஒன்றுக்கு

"புதன்கிழமை முற்பகல் பதினொரு மணி,
பேரூராட்சிக் கூட்ட அரங்கு,
துணைவிதிகள் திருத்தம் குறித்துப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு."
கருங்கல் சந்தைச் சுவரில் மூன்று நாள் இருந்தது அறிவிப்பு.
நாலாம் நாள் ஆடு தின்றது.

வந்தவர்கள் ஏழு பேர்.
இருவர் குழு உறுப்பினர்கள்.
ஒருவர் மின்விசிறிக்காக வந்தவர்.
ஒருவர், மகளின் பிறப்புச் சான்றிதழ் என்னாச்சு என்றார்.
மீதி மூவரும் ஒப்பந்தக்காரர்கள்.
"பொதுமக்கள் ஆதரவு தெரிவித்தனர்" என்று
எழுதியது நான்தான்.
தற்காலிக எழுத்தன்; கையெழுத்து அழகு என்று எடுத்தார்கள்.

அன்று ராத்திரி உறக்கம் வரவில்லை.
கிழிந்த காலண்டர் தாளின் பின்பக்கம்
ஊருக்கு எப்போது நேரம் என்று எழுதிப் பார்த்தேன்.

ரப்பர் வெட்டுகிறவர்கள் மூன்று மணிக்கு எழும்பி
பாலெடுத்து ஷீட் அடித்துச் சாயும்போது
நமக்குப் பதினொன்று. அவர்களுக்கு நடுச்சாமம்.
அண்டியாபீஸ் பெண்கள் ஐந்தரைக்கு வெளியே வருவார்கள்,
ஆறு மணி பஸ்ஸை விட்டால் ஏழேகால்தான்.
வெள்ளி மதியம் தொழுகை. ஞாயிறு காலை பூசை.
ஞாயிறு மாலை யாராவது ஒருவருக்குக் கல்யாணம்,
அதற்குப் போகாமல் இங்கே வந்தால் வருசம் முழுக்கப் பேச்சு.
இடவப்பாதி மழை பிடித்தால் எல்லாக் கணக்கும் தண்ணீரில்.
மீன் விற்கிறவர்களுக்கு
கடப்புறத்து ஏலம் முடிந்து, சந்தை முடிந்து,
பாத்திரம் கழுவுகிற நாலரை.
அதுவும் சந்தைக்குள்ளேயே.

"மேசை நாறும்" என்றார் செயல் அலுவலர்.
மேசை வேண்டாம் சார் என்றேன்.

இதற்கிடையில் பழைய விதிகளைத் தேட வேண்டும்.
பதிவறையில் கரையான் விட்டுவைத்தது இரண்டு கட்டு.
ஐம்பத்தாறுக்கு முந்தியது எல்லாம் மலையாளம்.
திருவனந்தபுரத்தில் நர்சிங் படித்த அஜிதகுமாரிக்கு
படம் பிடித்து அனுப்புவேன்.
இரவுப் பணியில், நோயாளிகள் உறங்கிய பிறகு,
குரல் தாழ்த்தி வாசித்து அனுப்புவாள்:
"தலைச்சுமடு ஒன்றுக்கு நாலு காசு."
கூடவே ஒரு கொட்டாவியும் பதிவாகியிருக்கும்.

எங்கள் விதியை எடுத்துப் பார்த்தேன்.
"தலைச்சுமை ஒன்றுக்கு முப்பது ரூபாய்."
ராஜா போயிருக்கிறார், சக்கரமும் காசும் போயிருக்கின்றன,
எழுத்துகூட வேறு.
தலை மட்டும் அப்படியே.

இரண்டாம் கூட்டம் நாலரைக்கு.
முப்பது நாற்காலி வாடகைக்கு எடுத்தோம்.
யாரும் அதில் உட்காரவில்லை,
வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.
மைக்கைத் தள்ளிவிட்டு எழும்பினாள் லில்லிபுஷ்பம்:

"எனக்கக் கழுத்தெலும்பு தேஞ்சு ஆறு வருசமாச்சு.
சுமக்கப்பிடாதுண்ணு டாக்டர் சொல்லியாச்சு.
இப்பம் ஸ்கூட்டியிலதான் மீனு வருது.
ஆனா சீட்டுல தலைச்சுமைண்ணுதான் எழுதுதான்.
எங்க இருக்கு சுமை? பாத்துச் சொல்லுங்க."

குனிந்து தலையைக் காட்டினாள்.
உச்சியில், சும்மாடு இருந்த இடத்தில்,
வட்டமாக முடியில்லை.

என் படிவத்தில் மூன்று கட்டங்கள்:
ஆதரவு, எதிர்ப்பு, இதர.
எதிலும் கொள்ளாமல்
ஓரத்தில், அவள் சொன்னபடியே எழுதினேன்.
"இது கருத்து இல்லை, புகார்" என்றார் செயல் அலுவலர்.
அடித்துவிடச் சொல்லவில்லை, அதையும் குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் கூட்டம் ரப்பர்காரர்களுக்கு.
அறிவிப்பை இந்தமுறை உயரத்தில் ஒட்டலாம்,
ஆடு எட்டாது என்றான் பென்சிகர்.
கழுத்து நிமிராதவர்கள் எப்படி வாசிப்பார்கள் என்றேன்.

பசை காய்ந்துகொண்டிருக்கிறது.
சுவர் முன்னால் வாளியோடு நிற்கிறோம்,
ஆட்டின் வாய்க்கு மேலே,
லில்லிபுஷ்பத்தின் கண்ணுக்குக் கீழே,
ஒரு சாண் இடம் இருக்குமா என்று
கையால் அளந்து பார்த்தபடி.