ஒரு திருகு

சுற்றறிக்கை மத்தியானம் வந்தது.
டயாலிசிஸ், ஒரு தடவைக்கு: பழைய தொகை, புதிய தொகை.
நள்ளிரவு முதல் அமல்.
பக்கிரிசாமி டாக்டர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.
"டயலைசருக்கு, ஊசிக்கு, கரண்டுக்கு... சரி.
நமக்கு டீக்காவது மிஞ்சுமா, ஜெசிந்தா?"
மிஞ்சாது. கணக்குப் போட்டுவிட்டுத்தான் கொண்டுபோனேன்.
மாசியில் அனுப்பிய பில்லுக்கே பணம் வரவில்லை.
இது புரட்டாசி.

"திட்ட போர்டை இறக்கிடு" என்றார்,
தூங்கும் பிள்ளையை எடுக்கச் சொல்கிற குரலில்.

கூடத்து டிவியில் சத்தம் வைப்பதில்லை.
நாலு கட்டத்தில் நாலு பேர் வாயசைத்தார்கள்.
கீழே ஓடியது:
அனைவருக்கும் மருத்துவம் சாத்தியமா?
மாமியாருக்குச் சர்க்கரை பார்க்க வந்த
சங்கத்துக்காரர் உலகநாதன் விடவில்லை.
"கம்பெனிக்குக் கட்டுற பிரீமியத்த
கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில கொட்டுனா
ஒங்க போர்டே வேணாமே டாக்டர்."
"கொட்டட்டும். யார் வேணாம்னா?
திருவாரூர்ல ராத்திரி ரெண்டு மணிக்கு முறை விழுந்தா
இவங்க எந்த பஸ்ஸுல போவாங்க,
அத மட்டும் சொல்லுங்க."
இரண்டு பேர் சொன்னதும் சரியாக இருந்தது.
அதுதான் எரிச்சல்.

எட்டு வருடமாக ஊரார் அட்டை எண்ணைத் தட்டுகிறேன்.
எனக்கு அட்டை கிடையாது.
வருமானச் சான்றில் நாலாயிரம் ரூபாய் கூடுதல்,
வருடத்துக்கு.
பித்தப்பைக் கல்லை வயிற்றிலேயே வைத்திருக்கிறேன்,
ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருப்பவள் மாதிரி.

ஜன்னலோர மெஷினில் தங்கையன்.
முள்ளியாற்று ரெகுலேட்டரில் லஸ்கர்,
இருபத்திரண்டு வருடமாகத் தற்காலிகம்.
எத்தனையோ ஆயிரம் ஏக்கருக்குத் தண்ணீர் திறந்தவர்
ஒரு நாளைக்கு அரை லிட்டர் குடிக்கலாம்.
குழம்பும் அதில் சேர்த்தி.

"எவ்வளவு குறைச்சிருக்கான்?" என்றார்,
ஆற்றைக் கேட்பதுபோல.
சொன்னேன்.
"மேட்டூர்ல குறைச்சா
கல்லணையில ஒரு சாண் எறங்கும்.
இங்க தரை தெரியும்."

குழாயில் ரத்தம் போய் வந்துகொண்டிருந்தது.
கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்:
"ஒரு வருசம், முறை இல்லாத நாளு.
கடைசி வாய்க்கால்காரன் ஒருத்தன்
நாத்து கருகுதுன்னு வந்து நின்னான்.
அழல. கால்ல விழல. சும்மா நின்னான்.
ராத்திரி ஷட்டர ஒரு திருகு ஏத்திவிட்டேன்.
ரெஜிஸ்டர்ல எழுதல.
தண்ணி அவன் வயலுக்குப் போச்சா,
நடுவுல எவனாச்சும் வெட்டிக்கிட்டானா,
இன்னி வரைக்கும் தெரியாது."

நர்ஸ் ஊசியை எடுத்தாள்.
பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தவர்
போர்டு இருந்த இடத்தைப் பார்த்தார்,
நாலு ஆணி, ஒரு வெளுக்காத சதுரம்.
ஒன்றும் கேட்கவில்லை.
செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

இரவு பதினொன்று நாற்பது.
டாக்டர் மாடியில் தூங்கப் போயிருந்தார்.
தங்கையன் அட்டை எண் எனக்கு மனப்பாடம்.
அடுத்த மூன்று தடவைக்கும் முன் அனுமதி,
இன்றைய தேதியில், பழைய தொகையில்.
காரணம் என்ற கட்டத்தில்
அவசரம் என்று அடித்தேன்.
அது பொய்யில்லை. தேதிதான் பொய்.
மூன்று தடவை என்பது பத்து நாள்.
பதினோராவது நாளுக்கு
என்னிடம் கட்டம் இல்லை.

அமுக்கினேன்.
திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி வந்து நின்றது.
பரிசீலனையில்.

விளக்கை அணைக்கப் போனபோது
ஜன்னலில் அவர் மறந்துவிட்டுப் போன பாட்டில்.
அரை லிட்டரில் பிளாஸ்திரி ஒட்டிக் கோடு போட்டது.
இன்றைய பங்கில்
இன்னும் இரண்டு மடக்கு இருந்தது.