விலைப்புள்ளி

முதல் அழைப்பிலேயே காரின் நிறத்தைச் சொன்னாள்.
நிறத்தை நாங்கள் கேட்பதில்லை என்றேன்.
"மஞ்சள்" என்றாள் மறுபடியும்,
நான் எழுதிக்கொள்ளவில்லையோ என்று
சந்தேகப்பட்டவள் போல.

வாண்டா ப்ருக்நிக். வயது ஐம்பத்து மூன்று.
ஊர் சாகினா, மிச்சிகன்.
வேலை பள்ளிப் பேருந்து ஓட்டுவது
(அதுவும் மஞ்சள்தான்).
வாகனம் கார்வெட். பதினாறு வருடப் பழசு.
இரண்டே இருக்கை,
நானூற்று முப்பது குதிரைகள்.

தட்டினேன். திரை கொஞ்சம் யோசித்தது.
மாதம் முந்நூற்றுப் பன்னிரண்டு டாலர்.

அந்தப் பக்கம் ஒரு ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும்.
பிறகு சொன்னாள்:
காருக்கே தவணை இருநூற்று எண்பதுதானாம்.
அதுவும் இடது கடைவாய்ப் பல்லுக்கு
உறை போட வைத்திருந்த பணம்.
ஏப்ரலிலிருந்து வலது பக்கமாகவே மெல்லுகிறாளாம்.

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுகிறவர்களை
பத்தொன்பது வருடமாக இந்த நாற்காலியிலிருந்து கேட்கிறேன்.
சிலர் வைவார்கள்.
பலர் யோசித்துச் சொல்கிறேன் என்பார்கள்,
சொல்ல மாட்டார்கள்.
இவள் பேனாவைத் தேடினாள்.

"கராஜுக்குள்ள நிறுத்தினா?"
பதினாலு குறையும்.
"கராஜ் எங்க அண்ணன் ரேயோடது.
அவனோட புல்வெட்டுற மெஷின வெளிய தள்ளணும்."
அதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.
"வருஷத்துக்கு ரெண்டாயிரம் மைல்னா?"
முப்பத்தெட்டு.
"ஆயிரம்னா?"
இன்னொரு பதினொன்று.
"ஐநூறு?"
அவ்வளவுக்குக் கீழே நாங்கள் நம்ப மாட்டோம், மேடம்.

"மோதினா முதல் ரெண்டாயிரம் டாலர் நானே கட்டிக்கறேன்."
உங்களிடம் ரெண்டாயிரம் இருக்கிறதா?
கேட்கக் கூடாத கேள்வி.
வாய் முந்திக்கொண்டது.

"நான் மோத மாட்டேன்."

அது பதில் இல்லை.
ஆனால் திரையைப் பார்த்தேன்:
இருபத்தாறு வருடம், பனியிலும் மழையிலும்,
முதுகுக்குப் பின்னால் நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் கத்த,
ஒரு கீறல் இல்லை.
சரி என்று தட்டினேன்.

நூற்றெண்பத்தேழில் வந்து நின்றது.
நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை வேறு கணக்கு.
சாலையில் உப்பு கொட்டுகிற மாதங்களில்
தூங்கும் காருக்கு என்று ஒரு விலை உண்டு.
தீ, திருட்டு, கூரை இடிந்து விழுதல், எலி.
மாதம் பத்தொன்பது.

"எலிக்குமா?"
அன்றைக்கு முதல்முறை சிரித்தாள்.
ஒரு பக்கமாகத்தான் சிரித்திருப்பாள்.

ஜனவரியில் கூப்பிட்டாள்.
"உள்ள போய் உட்கார்ந்தா செல்லுமா?
இஞ்சின் போடல. சும்மா உட்கார்றேன்."
நாற்பத்தொரு பக்கத்தையும் புரட்டினேன்.
நகர்வதைப் பற்றி முப்பது பக்கம்.
உட்கார்வதைப் பற்றி ஒரு வரி கிடையாது.
தாராளமாக, என்றேன்.
"ஒரு மணி நேரமா உள்ளதான் இருக்கேன்" என்றாள்.

மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை.
எங்கள் ஜன்னலுக்கு எதிரே ரயில் பாதை,
நாளைக்கு ஒரு சரக்கு ரயில், அதுவும் இரவில்.
மஞ்சளாக ஒன்று வந்தது.
நேரில் பார்த்ததே இல்லை, ஆனாலும் தெரிந்தது.
பள்ளிப் பேருந்து எங்கே நிற்குமோ
சரியாக அங்கே நின்றது.
கண்ணாடி இறங்கியது.
நரைத்த குட்டை முடி ஒன்று
இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் திரும்பியது.
அடியில் நானூற்று முப்பது குதிரைகள்
உறுமிக்கொண்டே காத்திருந்தன.

பின்னால் ஒரு பிக்கப் வண்டிக்காரன் ஹார்ன் அடித்தான்.
அடித்துக்கொண்டே இருந்தான்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம்
காது கொடுத்துக் கேட்டாள்.