அட்டை

மாதக் கடைசி.
கந்தப்பளையில் ஐந்து மணிக்கே இருட்டு.
இருபத்திரண்டு அறைகளிலும் சேர்ந்த கருத்து அட்டைகளை
மேசையில் கொட்டி வைத்திருக்கிறேன்.
திங்கட்கிழமை சுருக்கம் கொழும்புக்குப் போக வேண்டும்.
ஒரு பக்கத்துக்கு மேல் போனால்
அவர்கள் வாசிப்பதில்லை.

பன்னிரண்டாம் அறை:
சுடுதண்ணீர் வர ஏழு நிமிடம்.
அதுவரை குளிரில் நின்று பாடிக்கொண்டிருந்தோம்.
பதின்மூன்றாம் அறை
அந்தப் பாட்டைப் பற்றியே எழுதியிருக்கிறது.

நான்கு:
கட்டிலருகே பிளக் இல்லை.
என் போன் குளியலறையில் தூங்குகிறது.

பதினெட்டு:
ராட்சதக் கோப்பை ராட்டினத்தில் ஏற
மகனுக்கு இரண்டு அங்குலம் போதவில்லை. அழுதான்.
கோப்பையைச் சிறிதாக்குங்கள்,
இல்லையென்றால் அளவுகோலை.

ஏழு:
பொம்மை ரயில் சுரங்கத்துக்குள்
ஒரு பேயாவது வைத்திருக்கலாம்.
வெறும் இருட்டுக்கா காசு?
ரயிலோட்டும் மரியசீலனிடம் வாசித்துக் காட்டினேன்.
"என்னைப் பார்த்தும் பயப்படலையா?" என்றான்.
உண்மையாகவே வருந்தினான்.

இருபத்தொன்று:
பனிமூட்டம் வரும் நேரத்தை
வரவேற்பறையில் எழுதிப் போடவும்.

சறுக்குமரம் ஈரம். சம்பலில் உறைப்பு.
சம்பலில் உறைப்பே இல்லை.

அப்புறம் அட்டை.
அட்டைக்கு அட்டை அட்டைதான்.
'கொழுந்து மலை அனுபவம்' போய்வந்தவர்களில்
ஒருவர் காலையும் அது விடவில்லை.
ஒருவர் சாட்சிக்கு
இரத்தப் பொட்டோடு அட்டையை அனுப்பியிருக்கிறார்.
எந்த அட்டை என்பதை
நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடியில் ஒன்று. ஒன்பதாம் அறை. உருண்டை எழுத்து.
கொழுந்து பறித்துக் காட்டும் பெண்
சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் படம் நன்றாக வந்திருக்கும்.

அந்தப் பெண் செல்லக்கிளி.
இருபத்தாறு வருசம் மேல்மலையில் எடுத்தவள்.
இங்கே நிறுவை இல்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர் இல்லை.
இந்த வேலை பிடிக்கும் என்றுதான் சொல்வாள்.
பஸ்ஸுக்கு நேரமிருந்தது. அட்டையைக் காட்டினேன்.
வாசித்தாள். மறுபடி வாசித்தாள்.
"எனக்கும் ஒண்ணு தாங்க."

வேலைக்காரருக்கு அட்டை கிடையாது.
கொடுத்தேன்.

அறை எண்: ஒரு கோடு இழுத்தாள்.
தங்கிய இரவுகள்: இன்னொரு கோடு.
மீண்டும் எங்களிடம் வருவீர்களா?
நாளைக் காலை ஏழரைக்கு.
நாங்கள் மேம்படுத்த வேண்டியது என்ன?
அங்கே கோடுகள் போதாமல்
ஓரம் முழுக்கச் சுற்றி எழுதினாள்:

கார் நிக்கிற பக்கத்து ரெண்டு நிரையும்
கவ்வாத்து வெட்டி நாலு வருசம் தாண்டிருச்சு.
செடி பூத்துக் கெடக்கு.
வர்றவங்க முத்தலப் பிச்சு கூடைல போடுறாங்க.
பூத்த செடிக்குப் பக்கத்துல
கொழுந்துக்காரின்னு நின்னு படம் எடுக்க
எனக்கு வெக்கமா இருக்கு.
வேற ஒண்ணும் இல்ல.

பக்கத்தில் இடமில்லை.
பனிமூட்டத்தை வெட்டிவிட்டு
அதைப் போட்டேன்.
அறை எண் கேட்கும் கட்டத்தில்
இருபத்துமூன்று என்று எழுதினேன்.

வியாழக்கிழமை பதில் வந்தது.
சுடுதண்ணீர்: அடுத்த வருடம் பார்க்கலாம்.
பிளக்: அடுத்த வருடம்.
பேய்: ஒன்றுக்கு அனுமதி.
தேயிலைப் பூ: அழகாக இருக்கிறது, அப்படியே விடவும்.
அட்டைகள்: உடனடியாக முற்றாக ஒழிக்கவும்.

எதை என்று கேட்டு
இரண்டு முறை மின்னஞ்சல் போட்டேன்.

மரியசீலன் பேய்க்கு உடுப்பு தைக்கக் கொடுத்துவிட்டான்.

சனிக்கிழமை செல்லக்கிளி
படங்கில் சுற்றி எதையோ கொண்டுவந்தாள்.
கவ்வாத்துக் கத்தி.
கார்கள் வருமுன்னே
ஓரத்துச் செடி ஒன்றை மட்டும்
முட்டளவில் சாய்த்து வெட்டினாள்.
ஒவ்வொரு வெட்டும் ஒரே பக்கம் சரிந்து
மழைத்தண்ணீர் நிற்காத மாதிரி.
பூவெல்லாம் தரையில்.

அடுத்த கிழமை பதினோராம் அறையிலிருந்து:
வாசலருகே ஒரு செடி செத்துவிட்டது.
தயவுசெய்து மாற்றவும்.

அவளிடம் நீட்டினேன்.
அட்டையை மடியில் வைத்து
என் பேனாவை வாங்கி
கீழே எழுதினாள்:
மூணு மாசம் பொறுங்க.