சாய்மானம்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
டயர் கடை மாடியில் ஒரு மேஜை, ஒரு திரை.
பதினான்கு லாரிகள்
பதினான்கு புள்ளிகளாக என் முன்னால்.
ஓடினால் பச்சை. அணைத்து நிறுத்தினால் சிவப்பு.
எஞ்சின் உறுமிக்கொண்டே நின்றால் மஞ்சள்.
கேட் மூடிய நேரங்களில்
ஜன்னலுக்கு வெளியே ஹாரன்,
திரையில் வரிசையாக மஞ்சள்.
டீசல் எரிகிறது, ஊர் நகரவில்லை.

சேர்ந்த புதிதில் எல்லாவற்றையும் நம்பினேன்.
ஒருநாள் காலை ஏழாம் நம்பர்
கோரையாற்றின் நட்டநடுவில் நின்றது.
பதறிப்போய் இத்ரீஸை அழைத்தேன்.
"ஆத்துலயா? கரையில நின்னு டீ குடிக்கிறேன்மா.
உங்க புள்ளிக்குத்தான் நீச்சல் தெரிஞ்சிருக்கு."

புதுப்பாலத்துச் சாலை
படத்தில் இன்னும் ஏறவில்லை.
அதனால் தினமும் எங்கள் வண்டிகள்
யாரோ ஒருவர் வயலுக்குள் புகுந்து
நாற்பது கிலோமீட்டர் வேகத்தில்
ஒரு கதிரும் சாயாமல் வெளியே வருகின்றன.

பெட்டிமேல் ஈரத்துண்டைப் போர்த்தினால்
சிக்னல் போகாது என்று அருள்தாஸ் நம்புகிறான்.
போகும்.
நான் சொன்னதில்லை.

முத்துப்பேட்டை தாண்டி உப்பளப் பக்கம்
டவர் சரியாக எடுக்காது, புள்ளி உறைந்துவிடும்.
பெட்டி மட்டும் விடாமல் எழுதிக்கொண்டிருக்கும்.
சிக்னல் கிடைத்ததும்
விட்டுப்போன ஐம்பது நிமிஷத்தையும்
ஒரே மூச்சில் கொட்டும்,
பள்ளிக்கூடம் விட்டுவந்த பிள்ளை மாதிரி,
வாசலிலேயே, செருப்பைக் கழற்றாமல்.

தை கடைசி.
கொள்முதல் நிலையங்களில்
சிப்பம் சிப்பமாக நெல், வெட்டவெளியில்.
கடலில் காற்றழுத்தம் என்றார்கள்.
எல்லா வண்டியும் கிடங்குக்கு இரண்டு நடை,
முடிந்தால் மூன்று என்றார் உப்பிலி முதலாளி.
அந்த வாரம்தான் அவர் அறிக்கையைத் திறந்தார்.
பதினோராம் நம்பர். பக்கிரிசாமி.
இரவு பதினொன்று நாற்பது:
டீசல் பதினான்கு லிட்டர் இறக்கம்.
"உறிஞ்சி வித்திருக்கான். சம்பளத்துல பிடி."

நான் பிடிக்கவில்லை.
கோட்டை விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன்.
குழாய் போட்டு உறிஞ்சினால்
இறங்கியது இறங்கியதுதான்.
இதுவோ இரண்டேகாலுக்கு, வண்டி கிளம்பி
சமதளத்துக்கு வந்த நிமிஷம்,
பதினான்கும் திரும்ப ஏறியிருக்கிறது.
அந்நேரத்தில் அங்கே எந்த பங்க்கும் கிடையாது.
நின்ற இடம், மூணாறு தலைப்பு தாண்டி
வெண்ணாற்றங்கரைச் சரிவு.
டாங்குக்குள் இருப்பது ஒரு மிதவை.
வண்டி சாய்ந்தால் டீசல் ஒருபக்கம் ஒதுங்கும்,
மிதவை தன் பங்குக்குத் தாழும்.
லிட்டர் எண்ணத் தெரிந்த பெட்டிக்குச்
சாய்மானம் தெரியாது.

"சரி, அங்க எதுக்கு நின்னான்
ரெண்டரை மணி நேரம்?"
அதைக் கோடு சொல்லாது.
பக்கிரிசாமிக்கே போன் போட்டேன்.
"தூறல் புடிச்சிக்கிச்சும்மா. தார்ப்பாயில
நடுவுல கிழிசல். சமமா நிறுத்துனா
தண்ணி குளம் கட்டி அது வழியா இறங்கும்.
மூக்க மேட்டுல ஏத்தி நிறுத்துனா வழிஞ்சி போயிரும்.
நெல்லு நனைஞ்சாலும் எங்கிட்டதான பிடிப்பீங்க?"

முதலாளி கேட்டுக்கொண்டார்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
தார்ப்பாய் என்ன விலை என்று கேட்டார்,
சொன்னதும் பேச்சை மாற்றினார்.
"இனிமே யாரும் சரிவுல நிறுத்தக் கூடாதுன்னு
எல்லாருக்கும் ஒரு மெசேஜ் போட்டுரு."

அடித்துவைத்தேன். அனுப்பவில்லை.

மணி எட்டரை. டயர் கடையின் தகரத்தில்
முதல் சொட்டுகள் விழும் சத்தம்.
பதினொன்று சிவப்பானது.
பெரிதாக்கிப் பார்த்தேன்:
அதே கரை, வேறொரு சரிவு.
டீசல் கோடு மெல்ல இறங்கத் தொடங்கியது.
நனையவில்லை
என்று வாசித்துக்கொண்டேன்.